முப்பத்தொன்பது பேச்சு

கம்பம்
11.1.2009

ஹக்கீம் மாப்ளைக்கு சேக் பரீத் எழுதுறது. சலாம்.

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். நல்லாத்தான் இருக்கே. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தமாம்ல இருந்து நீ உங்க அக்காகூடப் போன்ல பேசிச் சிரிக்கிறது இங்கன எனக்கும் கேக்குது. டாக்டரு தொண்டையத்தான் எடுத்தாரு, காத விட்டுட்டாரு. பத்து மாசமா நீ எங்கூடப் பேசல. நானும் யாருகூடயும்தான் பேசல, அதனால எனக்குப் பெருசாத் தெரியல.

என் எழுத்தப் பாத்துச் சிரிக்காத. அஞ்சாங் கிளாஸோட பள்ளிக்கூடத்து மதிலு ஏறிக் குதிச்சவன் நான். மார்க்கெட்டுல முப்பது வருசம் தக்காளிக்கும் கத்திரிக்காய்க்கும் ஏலம் கூவுனதுக்கு எழுத்து தேவப்படல. நான் ஒரு சத்தம் குடுத்தா ராயப்பன்பட்டில மாடு திரும்பிப் பாக்கும்னு சொல்லுவாக.

விசயத்துக்கு வாறேன். நீ குடுத்துட்டுப் போன லேப்டாப்புல சத்தம் போயிருச்சு.

ஆப்பரேசனுக்கு மொத வாரம் நீ என்னைய ஒக்கார வெச்சு என் கொரல அதுல பதிஞ்சியே, முப்பத்தொம்பது பேச்சு, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு. அதத்தான் சொல்றேன். உங்க அக்காளுக்குக் கண்ணு இல்ல, நான் எழுதிக் காட்ட முடியாது. எனக்குக் கொரலு இல்ல, கூப்புட முடியாது. பிள்ளகுட்டி இல்லாத வீட்டுல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் பொட்டிதான் பேசிக்கிட்டுக் கெடந்துச்சு. ஒண்ணாம் நம்பர அமுக்குனா, “ஏ ரம்லத்து, எங்கன இருக்கே?” அவ இங்கனதான்னு சொல்லுவா. ஒம்பதாம் நம்பரு, “இந்தக் கொழம்ப எந்தக் கெணத்துல மொண்டே?” இருவத்திமூணு, அவ செவுத்துல போயி முட்டிக்கிறப்ப நான் போடுறது, “அடியே அது செவுரு, மாப்ள இந்தப் பக்கம் இருக்கேன்.” எழுதுறப்பவே எனக்குச் சிரிப்பு வருது. சிரிப்பு வந்தா கழுத்துல இருக்கிற ஓட்ட வழியா காத்துதான் வருது, பஞ்சராப் போன சைக்கிள் டியூப்பு மாதிரி.

பக்ரீத் முடிஞ்சு பத்தாம் நாளு காலையில அமுக்குறேன், படத்துல கோடு ஓடுது, சத்தம் இல்ல. தட்டிப் பாத்தேன். கவுத்திப் போட்டுப் பாத்தேன். ரெண்டு நாளு வெயில்ல வெச்சேன். அப்பறம் பஸ்ஸுல மடியில வெச்சுத் தூக்கிக்கிட்டு தேனிக்குப் போனேன். கடையில செல்வமணின்னு ஒரு பய, “பெரியவரே, பார்மேட் பண்ணணும், உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும், பரவால்லயா?”ன்னான். சீட்டுல எழுதிக் காட்டுனேன், அப்ப நான் எதவெச்சுப் பேசுறதுன்னு. அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். திருப்பித் தூக்கியாந்துட்டேன்.

இப்ப அவளக் கூப்புடணும்னா தட்டுல கரண்டியால தட்டுறேன். ஆட்டக் கூப்புடுறீகளான்னு ஒரு வாட்டி கேட்டா. அதோட சரி. மூணு வாரமா அவளா ஒரு வார்த்த பேசல. சோத்த வெப்பா, போயிருவா. பொட்டி ஊமையானதுல இருந்து வீட்டுல ரெண்டு ஊமை.

நீ அங்கன கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்குற ஆளு. கோவத்த ஒரு ஓரமா மடிச்சு வெச்சிட்டு என்ன பண்ணணும்னு எழுது. போன்ல சொல்லாத. நீ கேள்வி கேட்டா நான் என்னத்தச் சொல்ல, கரண்டியத்தான் தட்டணும்.

சேக் பரீத்


தமாம்
24.1.2009

மச்சானுக்கு, ஹக்கீம் எழுதுவது. வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதம் வந்தது. அக்காவுக்காக மட்டும் பதில் எழுதுகிறேன்.

லேப்டாப்பை யாரிடமும் கொடுத்து பார்மேட் செய்யாதீர்கள். செய்தால் உங்கள் குரல் போனது போனதுதான், வேறு பிரதி என்னிடம் இல்லை. வெயிலில் வைக்காதீர்கள். தட்டாதீர்கள். அது மாடல் பழசு, நான் நாலு வருஷம் ஓட்டிவிட்டுத் தந்தது, அடி தாங்காது.

முதலில், மூடியைத் திறந்தால் உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும் விளிம்பில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதுதான் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். கைபட்டுக் குறைந்திருக்கலாம். வலது பக்கமாகக் கடைசி வரை உருட்டுங்கள். அப்படியும் வராவிட்டால், திரையில் மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி போல ஒரு சின்னப் படம் இருக்கும். அதன் மேல் சிவப்புக் குறி விழுந்திருந்தால் சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை இரண்டு தடவை அமுக்கினால் ஒரு பெட்டி விரியும், அதில் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு தடவை முழுதாக அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். திறக்கும்போது ஒரு சின்ன இசை வரும். வருகிறதா இல்லையா என்று எழுதுங்கள்.

கோபத்தை மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அது மடிகிற கோபம் இல்லை. போன வருஷம் லீவில் வந்தபோதுதான் அக்காவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போனது எனக்குத் தெரியும். மதுரைக்குக் கூட்டிப் போனேன். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் பாதிப் பார்வையாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். அந்த இரண்டு வருஷத்துக்கு முன்பே அக்கா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்.

முப்பத்தொன்பது முடிந்ததும் நாற்பதாவதாக ஒன்று பதியச் சொன்னேன். “ரம்லத்து, கண் விஷயத்தில் என் தப்பு” என்று. அவ்வளவுதான் கேட்டேன். குரல் போவதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நீங்கள் மைக்கில் ஒரு இருமல் இருமிவிட்டு, “இது போதும், இதுக்கு அவ அர்த்தம் கண்டுபிடிச்சுக்குவா” என்று சொல்லிச் சிரித்தீர்கள். அக்கா பிரியாணி ஆக்கியிருந்தாள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

ஹக்கீம்


கம்பம்
6.2.2009

மாப்ள, உன் கடுதாசிய ஏழு தடவ படிச்சேன். பாதி லேப்டாப்புக்கு, பாதி எனக்கு. ரெண்டுக்கும் சேத்துப் பதில் எழுதுறேன்.

சக்கரத்த உருட்டுனேன். அது எனக்கு முன்னாடியே கடைசி வரைக்கும் போயித்தான் நிக்குது. ஒலிபெருக்கிப் படத்தக் கண்டுபிடிக்க ஒரு காலை ஆச்சு. கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டு, எறும்பு மாதிரி இருக்கிற எல்லாத்தையும் அமுக்கிட்டேன், ஒரு எடத்துல சீட்டுக்கட்டு வெளையாட்டு வந்துருச்சு. அதுல ரெண்டு ஆட்டம் தோத்துட்டு அப்பறமா உன் எறும்பப் புடிச்சேன். சிவப்புக் குறி இல்ல. டிக்கும் இல்ல. அணைச்சுப் போட்டேன். எந்த இசையும் வரல. என்னையப் பாத்துப் பச்ச வெளக்க எரிச்சுக்கிட்டுச் சும்மா இருக்கு, உங்க அக்கா மாதிரி.

இனிமே சிரிக்காம எழுதுறேன், கவனமாப் படி.

கழுத்துல எடது பக்கம் மறுபடியும் நெறி கட்டியிருக்கு. போன வாரம் மதுரைக்கு ஒத்தையிலதான் போனேன். கம்பத்துக்கும் மதுரைக்கும் நடுவுல இருக்கிற ஊரையெல்லாம் பஸ்ஸுல எண்ணிக்கிட்டே போனேன், டாக்டரு சொல்லப்போறத நெனைக்காம இருக்கணும்னு. அவரு நல்ல மனுசன். சுத்தி வளைக்கல. இன்னொரு கத்தி வேணாம்னாரு. அப்படின்னா என்னன்னு உனக்கும் தெரியும். எத்தன நாளுன்னு எழுதிக் கேட்டேன். கோட வெயிலு ஏறி வர்ற வரைக்கும் பாக்கலாம்னாரு.

உங்க அக்காளுக்குத் தெரியாது. நீ சொல்லிராத.

எனக்குச் சாவுறதுல பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா அல்லாகிட்டப் போயி நின்னா, என்கிட்டப் பண்ணுன தப்ப நான் மன்னிக்கிறேன், அந்தப் பொம்பளகிட்டப் பண்ணுனத அவதான் மன்னிக்கணும்னு சொல்லிருவான். அவ ஹக்கு, அவளோட உரிம, அவகிட்ட. பொறுத்துட்டேன், ஹலால்னு அவ வாயால ஒரு வார்த்த வாங்காம என்னைய மண்ணுல வெச்சா, என் நன்மையெல்லாம் அவளுக்குப் போயி நான் வெறும் ஆளாத்தான் எந்திரிக்கணும். இப்பத் தெரியுதா அந்தப் பொட்டிக்கு எதுக்கு வைத்தியம் கேக்குறேன்னு. கொழம்பு சரியில்லன்னு சொல்றதுக்கு இல்ல.

நீ கேட்ட நாப்பதாவது பேச்சப் பதியாம விட்டேன். இப்ப அத எங்கன போயிப் பதிய. அதனால ஒரு ரோசன பண்ணுனேன். இருக்கிற முப்பத்தொம்பதையும் தாள்ல எழுதிவெச்சுப் பாத்தேன். அங்கங்க ஒரு வார்த்தைய வெட்டி எடுத்து ஒட்டவெச்சா? ‘பொறு’ பதினாலுல இருக்கு, “பொறு, தல போற அவசரமா?” ‘தப்பு’ முப்பத்தொண்ணுல இருக்கு, “தப்புத் தப்பா எண்ணாத, எனக்கு அஞ்சு இட்லி.” ‘ரம்லத்து’ ஒண்ணுலயே இருக்கு. ‘நான்’தான் இல்ல. மாப்ள, முப்பத்தொம்பதுல ஒரு எடத்துலகூட நான்னு நான் சொல்லல. எல்லாமே நீ, நீ, நீ. தேடித் தேடிப் பாத்துட்டேன்.

பக்கத்து வீட்டு ரெஹானாப் பிள்ளைகிட்ட எழுதிக் குடுத்தா வாசிச்சுக் காட்டும். தெரியும். ஆனா மார்க்கெட்டே கேக்க வாயத் தெறந்தவன், இன்னொருத்தர் வாயில ஒளிஞ்சுக்கிட்டா மன்னிப்புக் கேக்குறது? என் கொரலுல கேக்கணும். அதுக்கு வழி சொல்லு. வெரசா.

சேக் பரீத்


தமாம்
19.2.2009

மச்சான்,

என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கடை முதலாளியிடம் லீவு கேட்டேன். ஜூனுக்கு முன் பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன் என்கிறார். திரும்பவும் கேட்பேன்.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் மறைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. அதை உங்களிடம் விடுகிறேன்.

வார்த்தையை வெட்டி ஒட்ட முடியும். அதற்கு ஒரு புரோகிராம் இருக்கிறது, சிடியில் போட்டு ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ‘நான்’ என்பதற்கும் வழி செய்யலாம். ‘நாளைக்கு’ என்று எங்காவது சொல்லியிருப்பீர்கள், அதில் ‘நா’வை மட்டும் எடுத்தால் போதும், நம் ஊரில் யாரும் ‘ன்’னை முழுசாகச் சொல்வதில்லை. ஆனால் முதலில் சத்தம் வர வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உள்ளே அடைப்பு எதுவும் இல்லை. மிச்சம் இரண்டு சந்தேகம். ஒன்று, சத்தத்துக்கான டிரைவர் கெட்டிருக்கலாம். திரையில் ‘மை கம்ப்யூட்டர்’ படத்தின் மேல் அம்பை வைத்து வலது பட்டனை அமுக்குங்கள். கடைசியில் இருக்கும் வரியைத் திறந்து, ‘ஹார்டுவேர்’, அதற்குள் ‘டிவைஸ் மேனேஜர்’. ஒரு நீளப் பட்டியல் வரும். அதில் எந்த வரியிலாவது மஞ்சள் கேள்விக்குறியோ சிவப்புப் பெருக்கல் குறியோ இருக்கிறதா பாருங்கள். ஆங்கில எழுத்துக்குப் பயப்பட வேண்டாம், ரெஹானாவைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ரெஹானாவிடம் காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் இயர்போன் இருக்கும். லேப்டாப்பின் ஓரத்தில் அதைச் சொருகுகிற ஓட்டை உண்டு. அதில் சொருகி ஒண்ணாம் நம்பரைப் போடுங்கள். காதில் கேட்டால் வெளி ஸ்பீக்கர் போய்விட்டது என்று அர்த்தம். காதிலும் கேட்காவிட்டால் கோளாறு உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில். எது என்று தெரிந்தால் அடுத்தது சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை அக்காவிடம், லேப்டாப்பில் சத்தம் நின்றுவிட்டதாமே என்றேன். “நின்னா நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, தமாமில் குளிர் எப்படி என்று கேட்டாள். அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கவனித்தீர்களா?

ஹக்கீம்


கம்பம்
5.3.2009

மாப்ள,

சிடி வேணாம். அனுப்பிட்டேன்னா வந்தவன்கிட்டச் சொல்லித் தூக்கிப் போடச் சொல்லிரு.

நடந்ததச் சொல்றேன். ஞாயித்துக்கெழம காலையில ரெஹானா வந்துச்சு. நீ சொன்ன பட்டியலப் பாத்துட்டு, “எல்லாம் சுத்தமா இருக்கு மாமா, கேள்விக்குறி ஒண்ணுங் காணோம்”னு சொல்லுச்சு. அப்பறம் இயர்போனச் சொருகப் போச்சு. போகல. திருப்பித் திருப்பிக் குத்திப் பாத்துட்டு, “மாமா, ஓட்டைக்குள்ள என்னமோ கெடக்கு”ன்னுச்சு.

டார்ச் அடிச்சேன். ஊக்க நிமித்தி, நெண்டி நெண்டி வெளிய எடுத்தேன். நெல்லு நீளத்துக்கு ஊதுபத்திக் குச்சி. ஒடிச்சுச் சொருகி, வெளிய தெரியாம உள்ள தள்ளி விட்டிருக்கு.

எடுத்த ஒடனே பொட்டி ‘டொய்ங்’னுச்சு. மாப்ள, எனக்கு வந்த சந்தோசம், ஒரு நிமிசம் கழுத்து நெறியக்கூட மறந்துட்டேன். அப்பன்னு பாத்து உங்க அக்கா கொடத்தத் தூக்கிக்கிட்டு அடுப்படியில இருந்து வாறா, நெலையில தோளு இடிச்சுக்கிட்டா. கை சும்மா இருக்குமா. இருவத்திமூண அமுக்கிட்டேன். “அடியே அது செவுரு, மாப்ள இந்தப் பக்கம் இருக்கேன்.”

அவ கொடத்தக் கீழ எறக்கி வெச்சா. எறக்குறப்ப தண்ணி தெறிக்கல, அவ்வளவு மெதுவா. வெச்சிட்டு, “எடுத்துட்டீகளா?”ன்னா.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

ரெஹானா, “மாமி, நீங்களா?”ன்னுச்சு.

“நான்தாம்மா. ஒரு நாளு நீ இயர்போன மாட்டி எனக்கு ஹஜ்ரத்து பேசுன பயானப் போட்டு விட்டே. அதுல சொருகவும் வெளிச் சத்தம் நின்னு போச்சு. அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், இந்தப் பொட்டிக்கு வாய் எங்கன இருக்குன்னு.” எம் பக்கம் திரும்பி, நான் இருக்கிற எடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பாத்துச் சொன்னா, “நேருல பேசுன காலத்துலயாச்சும் கேலிக்கு நடுவுல நாலு நாளைக்கு ஒருக்கா நல்லா இருக்கியான்னு கேப்பீக. இது மாறவே மாறாது. காலையில முப்பத்தொம்பது, சாயங்காலம் அதே முப்பத்தொம்பது. நான் முட்டிக்கிற ஒவ்வொரு செவுத்துலயும் ஒரு ஆளு நின்னு சிரிக்கிற மாதிரி இருக்கு. ஆப்பரேசன் பண்ணி எடுத்தாகன்னு சொன்னப்ப, அல்லா என்னைய மன்னிக்கணும், எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு. அத ஹக்கீமு பொட்டியில போட்டு வெச்சிட்டுப் போயிட்டான்.”

சொல்லிட்டு செவுத்தத் தடவிக்கிட்டே ரெஹானா வீட்டுக்குப் போயிட்டா. பொழுது சாயுற வரைக்கும் வரல.

நீ நல்லதுக்குத்தான் பண்ணுனே, வருத்தப்படாத. முப்பத்தொம்பதையும் பேசுனது நான்தான்.

அவ போனதும் அந்தக் குச்சியத் திரும்ப ஓட்டையில வெச்சேன். பழைய எடத்துலயே. உள்ள தள்ளி விட்டுட்டேன். பொட்டியத் துணியில சுத்தி பீரோவுக்கு மேல போட்டாச்சு. வெட்டி ஒட்டுற வேலை வேணாம். அந்தக் கொரல எத்தன துண்டா வெட்டுனாலும் அவளுக்கு அது அந்தக் கொரலுதான்.

இதோட ஒரு தாள் மடிச்சு வெச்சிருக்கேன். இது கெடச்சதும் வர்ற வெள்ளிக்கெழம போன்ல அவளுக்கு நீ வாசிச்சுக் காட்டு. இன்னொருத்தர் வாயி வேணாம்னு பெருமையா எழுதுனவன்தான். இப்பக் கேக்குறேன். உன் கொரலுன்னா அவ மொகம் தெளியுறத நான் பாத்திருக்கேன். தாள்ல இருக்கிறது இவ்வளவுதான்:

‘ரம்லத்துக்கு சேக் பரீத் சொல்றது. தெரிஞ்சும் தெரியாமயும் நான் உனக்குச் செஞ்ச எல்லாத் தப்பையும் அல்லாவுக்காகப் பொறுத்து ஹலால் பண்ணிரு.’

நல்லா நிறுத்தி வாசி. உன் வழக்கத்துக்கு ரேடியோ செய்தி மாதிரி ஓட்டிராத.

சேக் பரீத்


தமாம்
20.3.2009

மச்சான்,

இன்றைக்கு ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். நீங்களும் அதே அறையில் இருந்திருப்பீர்கள். அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும், நான் சொன்னது விழுந்திருக்காது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

தாளில் இருந்ததை நிறுத்தி வாசித்தேன்.

“முடிஞ்சுச்சா?” என்றாள்.

முடிந்தது என்றேன்.

“ஹஜ்ஜுக்குப் போறவுக கிளம்புறதுக்கு முன்னாடி வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போவாகளே, அதுதான இது? பால்காரர்கிட்டச் சொல்லுவாக, எதுத்த வீட்டுல சொல்லுவாக, முகம் தெரியாதவுக கையப் புடிச்சும் சொல்லுவாக. நான் என்ன தெருவா, ஹக்கீமு?”

அப்புறம் அவள் கேட்டாள், “எத்தன நாளுன்னு சொன்னாகளாம்?”

யார் சொன்னது உனக்கு என்றேன். யாரும் சொல்லவில்லையாம். உங்கள் கழுத்து வழியாக மூச்சு போகிற சத்தம் ஒரு மாதமாக மாறியிருக்கிறதாம். பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு அதுகூடவா தெரியாது என்றாள். அழவில்லை. குரலும் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மச்சானுக்கு உன்னிடம் ஹலால் வாங்க வேண்டும் அக்கா, அதுக்குத்தான் இவ்வளவு பாடுபடுகிறார் என்றேன். “அப்ப அவரச் சொல்லச் சொல்லு, நீ எதுக்கு நடுவுல?” என்றாள். வாய் இல்லாத மனிதர் எப்படிச் சொல்வார் என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கண்ணில்லாம நான் மூணு வேளையும் ஆக்கிப் போடலையா? எப்படின்னு யாராச்சும் கேட்டாகளா? வாயில்லாம அவரு சொல்லட்டும்.”

போனை வைத்துவிட்டாள். லேப்டாப் என்றால் அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை மச்சான்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்த முப்பத்தொன்பதையும் மைக்கைப் பிடித்துப் பதிந்தபோது நானும் சிரித்தேன். இருபத்துமூன்றாவதுக்குச் சத்தமாகவே சிரித்தேன். அக்கா அப்போது பக்கத்து அறையில் இருந்தாள்.

ஹக்கீம்


கம்பம்
4.4.2009

மாப்ள,

எழுத்து கோணலாப் போகுது, பொறுத்துக்க. தோளுல இருந்து வெரலு வரைக்கும் மரத்துப் போகுது. கஞ்சித் தண்ணி மட்டும்தான் எறங்குது, அதுவும் நெனச்சா எறங்குது.

நீ போன் பண்ணுன அன்னிக்கு நான் அங்கனதான் இருந்தேன். அவ சொன்னது எல்லாம் கேட்டேன். வாயில்லாம எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளு ஒக்காந்து யோசிச்சேன். சத்தம் இல்லன்னாலும் ஒதடு ஆடுதேன்னு தோணுச்சு. பாக்குறதுக்கு அவளுக்குக் கண்ணு இல்ல. தொட்டுப் பாக்கக் கையி இருக்கு.

மூணாம் நாளு அஸர் தொழுகைக்கு முன்னாடி முருங்கக்கீர ஆஞ்சுக்கிட்டு இருந்தா. எதுக்க போயி ஒக்காந்தேன். அவ வலது கையப் புடிச்சு என் வாயில வெச்சேன். வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. என்னமோ கடிச்ச மாதிரி. நான் மறுபடி புடிக்கல. சும்மா ஒக்காந்திருந்தேன். கீர ஆஞ்சு முடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

மறுநாளும் போயி ஒக்காந்தேன். அன்னிக்கு அவளா கைய நீட்டுனா. ஈரக் கையி. ரெண்டு வெரல என் ஒதட்டு மேல வெச்சா. நான் சொன்னேன், தாள்ல எழுதுனத. தெரிஞ்சும் தெரியாமயும். பாதியிலயே வெரல எடுத்துட்டா. “அதத்தான் தம்பி வாசிச்சான்”னா. மாப்ள, அவ வெரலு எழுத்துக் கூட்டிப் படிக்குது. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. முப்பத்திரண்டு வருசம் இந்த வாயப் பாத்தவ, கேட்டவ.

அப்பறம் நாலு நாளு அதேதான். வந்து ஒக்காருவா, வெரல வெப்பா. தப்பு, பொறுத்துக்கன்னு நான் ஒதட்ட ஆட்டுவேன். எந்திரிச்சுப் போயிருவா. அஞ்சாம் நாளு போறதுக்கு முன்னாடி நின்னு, “என்ன தப்புன்னு சொல்லுங்க, எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கணும்”னா.

உன்கிட்டயும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாளு மத்தியானம் சோறு போட்டுக்கிட்டே சொன்னா, கண்ணுக்குள்ள கருப்பா நூலு நூலா மெதக்குதுன்னு. நான் சொன்னேன், “நூலு சும்மாவா கெடைக்குது, எடுத்து ஒரு ஜாக்கெட்டு தச்சுக்க.” அவளும் சிரிச்சா. நான் அதோட விடல. மறுநாளு மார்க்கெட்டுல ஏலத்துக்கு நடுவுல அத ஒரு கதையாச் சொன்னேன், எம் பொஞ்சாதி கண்ணுல நூல் மில்லு ஓடுதுன்னு. அம்பது பேரு சிரிச்சான். கருணக்கெழங்கு அன்னிக்கு நல்ல வெலைக்குப் போச்சு. அதுல ஒருத்தன் போயி வீட்டுல சொல்ல, அவன் பொஞ்சாதி இவள ரோட்டுல பாத்து, மில்லு ஓடுதான்னு கேட்டிருக்கா. அதுக்கப்பறம் கண்ணப் பத்தி ரம்லத்து வாயத் தெறக்கல. தெரியலன்னு சொல்லாமயே தட்டித் தடவி ரெண்டு வருசம் ஓட்டியிருக்கா. நூலு வலையாயி, வல தெரையாயி, கடைசியில ஒண்ணும் இல்லாமப் போற வரைக்கும். சொன்னா நான் சிரிப்பேன்னு.

நேத்து அத அவகிட்டச் சொன்னேன். ஒதட்டால. ஒவ்வொரு வார்த்தையா. ஜாக்கெட்டுங்கிற வார்த்தைய அவளுக்குப் புரியறதுக்கு மூணு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு. புரிஞ்சதும் வெரல எடுத்துருவான்னு நெனச்சேன். எடுக்கல. மார்க்கெட்டுல சொன்னதச் சொன்னேன். அந்தப் பொம்பள ரோட்டுல கேட்டதையும் சொன்னேன், அது உங்களுக்கு எப்பத் தெரியும்னு கேட்டா. அப்பவே தெரியும்னு சொன்னேன். தெரிஞ்சும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போகலன்னு சொன்னேன். தெரிஞ்சேதான் விட்டேன், தெரியாம இல்லன்னு சொன்னேன்.

அஸருக்குப் பாங்கு சொன்னாக. முடிஞ்சுச்சு. அவ தொழுவ எந்திரிக்கல. ஹலால்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. கண்ணு ரெண்டும் எங்கனயோ பாத்துக்கிட்டு இருக்கு, கையி மட்டும் என் வாயில இருக்கு.

இன்னும் இருக்கான்னு அவ கேக்குறாப்புல எனக்குப் பட்டுச்சு. இருக்கு மாப்ள. கல்யாணத்துக்கு மறுநாளுல இருந்து ஒண்ணொண்ணாச் சொல்ல ஆரம்பிச்சேன்.

சேக் பரீத்